வழக்குரை காதை வேறு, கண்ணகி வழக்குரை வேறு

"வைகாசிக் குளிர்த்திக்கு (கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் சடங்குக்கு) நம்மட கிழக்கிலங்கை அம்மன் கோயில்களில் படிக்கிறது சிலப்பதிகாரத்து வழக்குரை காதைதான்" என்று எழுதியிருக்கிற தம்பிக்கு: பெயர்தான் ஏமாத்துது. வழக்குரை காதை, சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வருகிற, நூலின் 20ஆவது காதை, அதாவது ஒரு அத்தியாயம் மட்டும். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் பாண்டியன் வாயருகே தெறிக்கும், அவன் அரியணையிலிருந்து விழுந்து உயிர்விடுவான். ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். கோயிலில் நாள்கணக்கில் பாடுவது கண்ணகி வழக்குரை. அது பிறப்பிலிருந்து தொடங்குகிற முழுக்கதை. அதில் கண்ணகி மாங்கனியில் தோன்றி, பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள். இளங்கோவிடம் இதைத் தேடாதீங்க, அங்கே அவள் மாநாய்கன் மகள், அவ்வளவுதான். அரசன் பிழைத்தால் அறமே கூற்றாகும் என்ற மையக்கருத்து மட்டும் ரெண்டிலும் அசையாமல் நிற்குது.