அயனி: தடிக்கு உள்ள மதிப்பு பழத்துக்கு ஏன் இல்லை?

குமரி மாவட்டத்தில் அயனி மரம் என்று பேச்செடுத்தால், எத்தனை கன அடி தடி, அதாவது பலகைக்கு அறுக்கும் மரம், தேறும் என்றுதான் கேட்கிறார்கள். எப்போது காய்க்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த மரத்துக்கு வந்திருக்கும் கேடு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

தடியின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இந்தப் பலா இனம், மழைக்காட்டில் கிளை பிரியாமல் நெடுநெடுவென்று உயர்வதால் நீளமான பலகை கிடைக்கிறது. அதைக் கறையானும் எளிதில் அண்டாது, தண்ணீரும் சீக்கிரம் கெடுக்காது. கேரளத்தின் சுண்டன் வள்ளங்கள் என்னும் நீண்ட பந்தயப் படகுகள், அங்கே ஆஞ்சிலி என்று அழைக்கப்படும் இந்த மரத்தால் செய்யப்படுபவையே. ஓமானின் சூர் நகரில், ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய ‘சோஹார்’ கப்பலுக்கும் மலபாரிலிருந்து அயனிதான் போயிற்று. 1980இல் புறப்பட்ட அக்கப்பல் 1981இல் சீனத்தின் கான்டன் துறைமுகத்தை அடைந்தது.

பழமோ உள்ளங்கையில் அடங்கிவிடும். முள்தோலை விரலாலேயே உரித்தால், நடுத்தண்டைச் சுற்றி ஆரஞ்சு நிறச் சுளைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். புளிப்பு கலந்த அந்த இனிப்புக்குப் பலாச்சுளை ஈடாகாது என்றே சொல்வேன். கையில் பிசுபிசுக்கும் பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் போக்க வேண்டும். கொட்டையை வறுத்தால் நிலக்கடலை போலிருக்கும். உதிர்ந்த ஆண்பூத் திரியைக்கூடக் காயவைத்துக் கொசு விரட்டக் கொளுத்துவார்கள்.

இவ்வளவு இருந்தும் சந்தையில் இதற்கு இடமில்லை. உச்சிக் கிளையில் பழுத்து விழும்போதே சிதறிவிடும். பறித்தாலும் நாள்கணக்கில் தாங்காது. ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதும் அரிது. ஆகவே விளையில், அதாவது தோட்டத்தில், நிற்கும் மரம், உரிமையாளருக்குப் பணமுடை வரும் நாள்வரை காத்திருக்கும் தடியாக மட்டும் ஆகிவிடுகிறது.

ஒட்டுக்கட்டினால் குட்டையாக வளர்ந்து சீக்கிரம் காய்க்கும் என்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது நல்லதுதான், ஆனால் அதில் பலகை தேறாது. நெடுமரம் வேண்டுமென்றால் விதைதான் வழி. அயனி விதையோ உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும் என்பதால், நெல்லைப் போலச் சேமித்து வைக்க முடியாது. ஒரு வட்டாரத்தின் தாய்மரங்களை எல்லாம் அறுத்துவிட்டால், அங்கே நாற்றுக்கு வேறு ஊரைத்தான் தேட வேண்டும்.

முதிர்ந்த மரத்தை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெட்ட முடிவு செய்தவர்கள் ஒரு காய்ப்புப் பருவம் பொறுத்து, கிடைக்கும் கொட்டைகளை அந்த வாரமே பையில் ஊன்றிவிட வேண்டும் என்கிறேன். வனத்துறை நாற்றங்கால்களும் தேக்குக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை அந்தப் பருவத்தில் இதற்கு விட்டுத்தர வேண்டும்.