பெரும்பான்மை இருந்தால்தான் மேயரா?

ஒரு நண்பர், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் நகரங்களில் மட்டுமே கறுப்பின மேயர்கள் வென்றிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிரவும் செய்கிறார்கள். நியூவர்க் நகரை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். அங்கே கறுப்பின மேயர் வென்ற 1970-ல் கறுப்பினத்தவர் பாதிக்கு மேல் இருந்தார்கள்.

ஆனால் லாஸ் ஏஞ்சலஸைப் பாருங்கள். 1973-ல் கறுப்பினத்தவரான டாம் பிராட்லி மேயரானபோது அந்நகர மக்களில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை பேரும் அவருக்கே ஓட்டுப் போட்டிருந்தாலும் பற்றாது. வெள்ளையர், குறிப்பாக யூதர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எனப் பலரும் சேர்ந்து வாக்களித்ததால்தான் வெற்றி. அதுவும் 1969-ல் அப்போதைய மேயர் சாம் யார்ட்டியிடம் தோற்று, அதே யார்ட்டியை 1973-ல் தோற்கடித்தவர்! ஐந்து முறை வென்று 1993 வரை இருபது ஆண்டுகள் பதவியில் இருந்தார். 1967-ல் இன்னொரு கறுப்பின மேயரான கார்ல் ஸ்டோக்ஸ் வென்ற கிளீவ்லாந்து நகரிலும் கறுப்பினத்தவர் 40 சதவீதத்துக்குக் கீழேதான்.

சரிபார்ப்பது சுலபம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் 1970-ம் ஆண்டு அட்டவணைகள் நகரவாரியாகக் கிடைக்கின்றன. மேயர் தேர்வான ஆண்டை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.