நோபல் வாங்கியது வேறு செடி

சீனாவில் மாக்ஸா என்ற சூட்டு சிகிச்சையை, அதாவது உலர்ந்த மூலிகையைக் கொளுத்தி உடலுக்குச் சூடு காட்டுவதை, இப்போது ரோபோவும் செய்கிறது. அது கொளுத்திக் காட்டும் மூலிகைக்குத்தான் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். குழப்பம் வருவது இயல்புதான், ஆனால் அது வேறு செடி.

மாக்ஸா குச்சியில் இருப்பது ஆர்ட்டிமிசியா ஆர்கி; சீனத்தில் ஆய். சீன விஞ்ஞானி து யூயூவுக்குப் பரிசு வாங்கித் தந்தது ஆர்ட்டிமிசியா ஆனுவாவிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. இரண்டும் ஒரே பேரினம், நம்மூர் மாசிபத்திரியும் அதே குடும்பம்தான். வேடிக்கை என்னவென்றால், சூடு பட்டால் அந்த மருந்தின் வீரியம் கெடும் என்று கணித்ததுதான் து யூயூவுக்குத் திருப்புமுனை. 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தை வைத்து 1971-இல் சாறு எடுத்தார். மாக்ஸாவிலோ செடியை எரிக்கிறார்கள். ரோபோ கேமராவில் பார்த்து இடம் கண்டுபிடித்தாலும், சென்சார் வைத்துச் சூட்டை அளந்தாலும், நடப்பது அதே எரிப்புதான்.

சரி, என்னை நம்ப வேண்டாம். நோபல் பரிசு இணையதளத்தில் 2015 மருத்துவப் பக்கத்தைத் திறந்தால் து யூயூவின் பெயரோடு மலேரியா என்றுதான் இருக்கும். அவருடைய நோபல் உரையும் அங்கேயே கிடைக்கும். அப்புறம் இரண்டு தாவரப் பெயர்களையும் தனித்தனியாகத் தேடிப் படங்களைப் பாருங்கள், இலையே வேறு மாதிரி இருக்கும்.