அமேசானின் மானேசர் கிடங்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே

இணையத்தில் பொருள் வாங்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு வேண்டிய அளவில் டயப்பர் எங்கள் ஊர் மெடிக்கலில் கிடைப்பதில்லை. அமேசானில் போட்டால் மூன்றாம் நாள் வாசலுக்கு வந்துவிடுகிறது. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் 2024 மே மாதம், வடக்கே வெயில் கொளுத்திய நேரத்தில், ஹரியானாவின் மானேசரில் உள்ள அதே நிறுவனத்தின் கிடங்கில் என்ன நடந்தது? லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. பிடிக்காவிட்டால் நாம் வேறு கடைக்குப் போகலாம், சரி. அந்தக் கிடங்கில் மூட்டை இறக்குபவர் எங்கே போவார்?

அரிசி, சோப்பு, நோட்டு எல்லாம் எங்களுக்குத் தெருமுனை அண்ணாச்சி கடையில்தான். மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு சாமான் தருகிறவர் அவர். டயப்பர் மட்டும் இணையத்தில். அதையும் தீருவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுவிடுகிறேன். 'நாளைக்கே வேண்டும்' என்கிற விரைவு டெலிவரியைத் தொடுவதே இல்லை.