மொத்தப் புள்ளிகள் மட்டும் போதுமா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் கரீம் அப்துல் ஜபார் குவித்த 38,387 புள்ளிகளை லெப்ரோன் ஜேம்ஸ் 2023 பெப்ரவரியில் கடந்ததை மட்டும் வைத்து, அவரே எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் என்று நான் வாசித்த கட்டுரையொன்றின் ஆசிரியர் முடிவு கட்டியிருப்பது அவசரமாகவே படுகிறது. வெளியே தூரத்திலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.யில் 1979-80 பருவகாலத்தில்தான் வந்தது. அதன் பின்னரும் பத்துப் பருவங்கள் ஆடிய கரீம், வழமையான லீக் ஆட்டங்களில் அக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரேயொரு முறைதான் பந்தைக் கூடைக்குள் போட்டார் என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. லெப்ரோன் பாடசாலையிலிருந்து நேரே வந்தவர். கரீமோ என்.பி.ஏ. கணக்கில் சேராத நான்கு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்தில் கழித்தவர். ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் வளைத்து அவர் வீசிய ஸ்கை ஹூக்கை இங்கே திருகோணமலை மைதானங்களில் பழகுவோரைக் காணவில்லை. பந்து கைக்கு வந்ததும் தூரக் கோட்டுக்கே ஓடுகிறார்கள். இன்னொரு முன்னாள் என்.பி.ஏ. வீரரான வில்ற் சேம்பர்லெயின் 1,045 ஆட்டங்களிலேயே 31,419 புள்ளிகள் குவித்ததையும் கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்கலாம்.