ஹோஸ்டிங்கில் புது பிஎச்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

ஹோஸ்டிங், அதாவது இணையதளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம், வாங்கப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "புது பிஎச்பி இருக்கா?" தளத்தை ஓட்டும் நிரல்மொழிதான் பிஎச்பி. விற்பவர் "இருக்கு" என்பார். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலைத் திறந்தால் பதிப்புப் பட்டியலில் 5.6-ல் தொடங்கி 8.4 வரை வரிசையாக நிற்கும். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஒரு பதிப்பு பட்டியலில் இருப்பது வேறு. உங்கள் தளம் அந்தப் பதிப்பில் முழுதாக ஓட எல்லாம் தயாராக இருப்பது வேறு. இரண்டாவதைத்தான் ஆதரவு என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிஎச்பியின் காலக்கணக்கில் ஒளிவுமறைவே இல்லை. ஆண்டுக்கு ஒரு பதிப்பு, பெரும்பாலும் நவம்பர் கடைசியில். முதல் இரண்டு ஆண்டு எல்லாப் பிழைகளுக்கும் திருத்தம் வரும். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும். இந்தப் பாதுகாப்புக் காலம் முன்பு ஓராண்டுதான். 2024-ல் இரண்டாண்டாக நீட்டி, முடிவுத் தேதியையும் டிசம்பர் 31 என்று ஒழுங்குபடுத்தினார்கள். 7.4-க்கு 2022 நவம்பர் 28-ல் முடிந்தது, 8.0-க்கு 2023 நவம்பர் 26-ல். 8.1-க்கு 2025 டிசம்பர் 31. 8.2-க்கு 2026 கடைசி, 8.3-க்கு 2027 கடைசி, 8.4-க்கு 2028 கடைசி. வண்டிக்கு எஃப்.சி. முடியும் தேதி மாதிரி, எல்லாமே முன்கூட்டியே தெரிந்த தேதிகள். ஆகவே "திடீரென்று பழைய பதிப்பை நிறுத்திவிட்டார்கள்" என்று ஹோஸ்டிங் நிறுவனத்தைத் திட்டுவதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதி, வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பாமல் ராத்திரியோடு ராத்திரியாக இயல்புநிலைப் பதிப்பை (எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் ஓடும் பதிப்பை) மாற்றும் நிறுவனங்களைச் சேரும். அதை நான் மன்னிக்கவே மாட்டேன். மூன்று மாத முன்னறிவிப்பாவது தர வேண்டும்.

பழைய பதிப்பிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். 2024 ஜூனில், விண்டோஸில் சிஜிஐ முறையில் (வெப் சர்வர் பிஎச்பியைத் தனி நிரலாக அழைக்கும் முறை) ஓடும் பிஎச்பியில், வெளியிலிருந்தே சர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. விண்டோஸில் ஸாம்ப் (சொந்தக் கணினியையே வெப் சர்வராக்கும் மென்பொருள் தொகுப்பு) நிறுவினால் இயல்பாக வரும் அமைப்பிலேயே அது திறந்திருந்தது. 8.1.29, 8.2.20, 8.3.8 ஆகியவற்றில் அடைத்தார்கள். 8.0-க்கும் 7.4-க்கும் பிஎச்பி குழுவிடமிருந்து திருத்தம் வரவில்லை, ஏனென்றால் அவற்றின் காலம் முடிந்திருந்தது. ஆபீஸ் கணினியிலேயே ஸாம்ப் போட்டு, ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறந்து, அதையே சர்வராக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைப் படித்தபின் முதல் வேலையாக அந்தப் போர்ட்டை மூடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தோடு வரும் 8.1-க்கு உபுண்டுவே பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்துத் தருகிறது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பயன்படுத்தும் கிளவுட்லினக்ஸும் பழைய பதிப்புகளுக்குத் தன் பங்குக்குத் திருத்தம் போடுகிறது. அதனால் 8.1 என்ற எண்ணைக் கண்டதும் பதற வேண்டியதில்லை. "இதை இப்போது யார் திருத்துகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் சரி. "அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆனால் அப்படித் திருத்திய பழைய பதிப்பும் ஃப்ரேம்வொர்க் விஷயத்தில், அதாவது தளம் கட்டப் பயன்படும் லாராவெல் போன்ற ஆயத்தக் கட்டமைப்புகளில், கைகொடுக்காது. லாராவெல் 10-க்குக் குறைந்தது 8.1 வேண்டும், 11-க்கும் 12-க்கும் 8.2. ட்ரூபல் 11-க்கு 8.3. சிம்ஃபனி 8-க்கு 8.4. வேர்ட்பிரஸ் மட்டும் பழையதைச் சுமந்துகொண்டே வருகிறது, 6.6 வந்தபோதுதான் குறைந்தபட்சத்தை 7.2.24 ஆக்கினார்கள். அந்தத் தாராளத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் அதன் மேல் நீங்கள் ஏற்றிவைத்திருக்கும் இருபது ப்ளகின்களும் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சில ஹோஸ்டிங்கில் புதுப் பதிப்பு வராமலே இருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, அடியில் இருக்கும் இயங்குதளம். சென்ட்ஓஎஸ் 7-ன் ஆயுள் 2024 ஜூன் 30-ல் முடிந்தது. அதில் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்கத்துக்கான நிரல்தொகுப்பு) 1.0.2, கர்ல் (வேறு சர்வர்களோடு பேசும் நிரல்தொகுப்பு) 7.29. பிஎச்பி 8.4 கேட்பதோ ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1, கர்ல் 7.61. அடித்தளத்தை மாற்றாமல் மேலே மாடி கட்ட முடியாது. எனவே வாங்குவதற்கு முன் இயங்குதளம் எது, டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரூபல் 11-க்கு மைஎஸ்க்யூஎல் 8.0 அல்லது மரியாடிபி 10.6 வேண்டும்; பிஎச்பி 8.3 இருந்தும் டேட்டாபேஸ் பழசாக இருந்தால் நிறுவலே நடக்காது.

இனி பதிப்பை மாற்றும்போது நிஜமாக எங்கே உதைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிஎச்பியோடு சேர்க்கும் கூடுதல் பாகங்கள். ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் தனித்தனி எக்ஸ்டென்ஷன் பட்டியல். 7.4-ல் நீங்கள் டிக் போட்டு வைத்தவை 8.3-க்குத் தானாக வராது. எம்பிஸ்ட்ரிங், இன்டெல், ஜிப், ஜிடி, பிசிமேத், ஃபைல்இன்ஃபோ, பிடிஓ மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். தமிழ்த் தளம் வைத்திருப்பவர்களுக்கு, பல பைட் எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் உயிர்நாடி. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். எம்பிஸ்ட்ரிங் இல்லாத இடத்தில் பைட் கணக்கில் வெட்டும் சாதாரண சப்ஸ்டிரிங்குக்கு இறங்கிவிடும் கோடு (நிரல்) தலைப்பை எழுத்தின் நடுவில் வெட்டிக் கேள்விக்குறிப் பெட்டி காட்டும். 8.4-ல் இன்னொன்று: ஐமேப் எக்ஸ்டென்ஷன் பிஎச்பியோடு சேர்ந்து வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். மின்னஞ்சல் பெட்டியைப் படித்து டிக்கெட் உருவாக்கும் மென்பொருள்கள் அங்கே நின்றுபோகும். அயன்கியூப் போட்டுப் பூட்டிய கோடு வைத்திருந்தால் எச்சரிக்கை: பிஎச்பி 8.0-க்கு, பூட்டிய கோடைத் திறந்து ஓட்டும் அயன்கியூப் லோடரே கிடையாது, 7.4-லிருந்து நேராக 8.1-க்குத்தான் போக வேண்டும். விற்றவரிடம் புதிதாகப் பூட்டிய கோப்புகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து அமைப்புகள். இவையும் பதிப்புக்குப் பதிப்பு தனி. பழையதில் 64 எம்பி என்று வைத்திருந்த அப்லோடு வரம்பு புதியதில் இயல்பான 2 எம்பி-க்குத் திரும்பியிருக்கலாம். மாணவர் சேர்க்கைப் படிவத்தில் சான்றிதழ் ஏறவில்லை என்ற புகார் அப்படித்தான் வரும். இதைவிட மோசமானது, படிவத்திலிருந்து எத்தனை புலங்களை ஏற்பது என்ற வரம்பு. இயல்பாக 1000. ஒரு வகுப்பில் 60 மாணவர், ஆளுக்கு 20 பெட்டி என்று மதிப்பெண் பதியும் பக்கம் இருந்தால் 1200 புலங்கள். கடைசி 200 சத்தமில்லாமல் விழுந்துவிடும். பக்கம் "சேமிக்கப்பட்டது" என்றே காட்டும். லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில்) ஒரு எச்சரிக்கை வரி மட்டும் இருக்கும். கடைசிப் பத்து மாணவர்களுக்கு மதிப்பெண் இல்லை என்பது ரிசல்ட் நாளில்தான் தெரியவரும்.

மூன்றாவது, கிரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி. சிபேனலின் மல்டிபிஎச்பி மேனேஜரில் நீங்கள் மாற்றுவது வெப்சைட்டுக்கான பதிப்பை. கிரானில் வெறும் பிஎச்பி என்று எழுதியிருந்தால் அது பல சமயம் சர்வரின் இயல்புநிலைப் பதிப்பில் ஓடும். தளம் 8.3-ல் அழகாகத் திறக்கும்; பின்னணியில் லாராவெல் ஷெட்யூலர் 7.4-ல் ஓட முயன்று, பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கம்போசரின் பதிப்புச் சோதனையிலேயே செத்துக்கொண்டிருக்கும். கட்டண நினைவூட்டல் போகாது, பேக்கப் எடுக்காது, பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கிரானில் அந்தப் பதிப்புக்கான முழுப் பாதையை எழுத வேண்டும். பாதை தெரியாவிட்டால் சப்போர்ட்டில் கேளுங்கள், அதைச் சொல்வது அவர்கள் கடமை. வரிசையில் நிற்கும் வேலைகளைப் பின்னணியில் செய்யும் கியூ வொர்க்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தித் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடும் ப்ராசஸ் பழைய பதிப்பிலேயேதான் இருக்கும்.

அடுத்தது எச்டிஅக்சஸ் கோப்பு, தளத்தின் கோப்புறையில் வெப் சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் கோப்பு. இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. சிபேனலில் பதிப்பை மாற்றினால், எந்தப் பிஎச்பியிடம் கோப்பைக் கொடுக்க வேண்டும் என்ற வரியை அது இந்தக் கோப்பின் அடியில் எழுதிவைக்கும். பிறகு தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு அப்படியே நகல் எடுத்துப் போனால், புது சர்வருக்கு அந்தப் பெயரில் பிஎச்பி தெரியாது. தெரியாத கோப்பை என்ன செய்யும்? ஓட்டாமல் அப்படியே டவுன்லோடாகக் கொடுத்துவிடும். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் கோப்பையும் சேர்த்து. இடம் மாற்றும்போது அந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவை) திருப்ப வேண்டும். ஒருமுறை அப்படித் திறந்துகிடந்தது தெரிந்தால் கடவுச்சொல் அத்தனையையும் மாற்றுங்கள். அதே கோப்பில் மெமரி, அப்லோடு வரம்புகளைப் பழைய பாணியில் எழுதியிருந்தால், பிஎச்பி-எஃப்பிஎம் முறையில் (பிஎச்பி தனிச் சேவையாக ஓடும் முறை) ஓடும் சர்வரில் 500 பிழை வரும். அவற்றை யூசர் ஐஎன்ஐ என்ற பிஎச்பி அமைப்புக் கோப்புக்கு மாற்றுங்கள். மாற்றியது உடனே தெரியாவிட்டால் 5 நிமிடம் பொறுங்கள், அதன் கேஷ் 300 நொடி.

கோடுக்குள் வருவோம். பிழை காட்டி நிற்கும் மாற்றங்களைக் கண்டு நான் பயப்படுவதில்லை. 8.0-ல் ஈச், கிரியேட் ஃபங்ஷன் போன்ற பழைய கட்டளைகள் போய்விட்டன. கூப்பிட்டால் பக்கம் நிற்கும், எந்த வரி என்று லாக் சொல்லும், திருத்திவிடலாம். பயப்பட வேண்டியது சத்தமில்லாத மாற்றத்துக்கு. பிஎச்பி 7 வரை, பூஜ்யத்தையும் "அட்மின்" என்ற சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உண்மை என்று வரும். 8.0 முதல் பொய். பிழைச்செய்தி எதுவும் வராது, கோடு வேறு வழியில் போகும், அவ்வளவுதான். நிலை, பங்கு, வகை என்று எண்ணும் சொல்லும் கலந்து ஒப்பிடும் ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

8.1-ல், டேட்டாபேஸோடு பேசும் மைஎஸ்க்யூஎல்ஐ எக்ஸ்டென்ஷன் தோற்ற வினவலுக்கு எக்செப்ஷன் (கையாளாவிட்டால் பக்கத்தையே நிறுத்தும் பிழை) எறியத் தொடங்கியது. "ஏற்கெனவே இருந்தால் இன்சர்ட் தோற்கும், தோற்றால் தோற்கட்டும்" என்று எழுதிய பழைய கோடு இப்போது வெள்ளைப் பக்கமாகும். 8.2-ல், அறிவிக்காத பண்புகளை ஆப்ஜெக்டில் ஒட்டவைப்பது கைவிடப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டது. கோட்இக்னைட்டர் 3 என்ற ஃப்ரேம்வொர்க் முழுக்க இந்தப் பழக்கத்தின் மேல் நிற்கிறது. 8.2-ல் அதை ஓட்டினால் எச்சரிக்கை மழை கொட்டும். பிழையைத் திரையில் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், அந்த எழுத்துகள் ஹெடருக்கு (பக்கத்துக்கு முன் போக வேண்டிய தகவலுக்கு) முன்பே வெளியேறி, உள்ளே வந்தவரை நினைவில் வைக்கும் செஷன் தொடங்காமல், லாகின் சுற்றிக்கொண்டே இருக்கும். நிரல்களுக்கிடையே தரவு அனுப்பும் வடிவமான ஜேசனில் வரும் பதில்களும் உடையும். திரையில் காட்டுவதை அணைத்து லாகில் எழுத வைத்தால் இப்போதைக்கு ஓடும். ஆனால் அது மருந்து அல்ல, வலி மாத்திரை. கோட்இக்னைட்டர் 3-லேயே புதுத் திட்டம் தொடங்குபவர்களை அருள்கூர்ந்து தடுத்து நிறுத்துங்கள்.

லாராவெல் 8-ம் பிஎச்பி 7.4-ம் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் தாவப் பார்ப்பார்கள். வேண்டாம். லாராவெல் 8 பிஎச்பி 8.1 வரை ஓடும். ஆகவே முதலில் பிஎச்பியை மட்டும் 8.1-க்கு ஏற்றி ஒரு வாரம் லாகைப் பாருங்கள். பிறகு அதே 8.1-ல் நின்றுகொண்டே லாராவெல் 9, அடுத்து 10. லாராவெல் 10 பிஎச்பி 8.3-லும் ஓடும், ஆகவே அங்கே பிஎச்பியை 8.3-க்கு ஏற்றுங்கள். அதன்பின் 11, 12. மொத்தத்தில் பிஎச்பியைத் தொட்டது இரண்டே முறை. இந்த வழியில் அதிக நேரம் தின்பது 8-லிருந்து 9: அங்கே ஸ்விஃப்ட்மெயிலர் போய் சிம்ஃபனி மெயிலர் வருகிறது, ஃப்ளைசிஸ்டம் 3-க்கு மாறுகிறது. மின்னஞ்சலையும் கோப்புச் சேமிப்பையும் அங்கே தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு படியிலும் கம்போசரிடம் "எந்தப் பேக்கேஜ் இந்தப் பதிப்பைத் தடுக்கிறது" என்று கேட்கலாம். ஒய்-நாட் கட்டளை அதற்குத்தான்.

தனித்தனி நாளில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம்: பிஎச்பி பதிப்பை ஒரு நிமிடத்தில் பழையதற்குத் திருப்பலாம். டேட்டாபேஸின் அமைப்பையே மாற்றும் மைக்ரேஷன் ஓட்டிய ஃப்ரேம்வொர்க் மாற்றத்தை அப்படித் திருப்ப முடியாது. இரண்டையும் கலந்தால், திரும்பும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். இவை எல்லாவற்றையும் முதலில் ஒரு சப்டொமைனில், டேட்டாபேஸின் நகலோடு செய்யுங்கள். மின்னஞ்சலை லாகுக்குத் திருப்ப மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சோதனையின்போது உண்மையான வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போகும். ஒரே கணக்கில் சப்டொமைனுக்குத் தனிப் பதிப்பு வைக்க விடாத ஹோஸ்டிங் எனக்கு ஹோஸ்டிங்கே அல்ல.

பணம் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். "ஒருமுறை செய்து கொடுத்துவிட்டீர்களே, இதற்கு ஏன் மறுபடி காசு?" என்று வாடிக்கையாளர் கேட்பதில் அவர் தவறு இல்லை, தொடக்கத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கொட்டேஷனிலேயே, இந்தத் தளம் இந்த பிஎச்பியில் ஓடும், அதன் ஆயுள் இந்தத் தேதி வரை, அதற்குமுன் மேம்படுத்த இவ்வளவு ஆகும் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுதாத டெவலப்பர்களால்தான் இவ்வளவு தளங்கள் 7.4-ல் அனாதையாகக் கிடக்கின்றன.

மாற்றி முடித்த பின் ஒரு முழு மாதம் பிழை லாகைத் தினமும் திறந்து பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்கு வேலைகள் அப்போதுதான் முதல்முறையாகப் புதுப் பதிப்பைச் சந்திக்கும். பதிப்பைச் சரிபார்க்க நீங்கள் போட்ட பிஎச்பிஇன்ஃபோ கோப்பு, சர்வரின் விவரங்களை எல்லோருக்கும் காட்டுவது, பொதுக் கோப்புறையில் இன்னும் கிடக்கும், அதை இன்றே அழித்துவிடுங்கள்.