பிரஷ் கழுவியதா என்று கேளுங்கள்

பொம்பிளை சோடிக்க விலை பேச வருகிற அம்மாமார் என்னிடம் எல்லாம் கேட்கிறார்கள். எவ்வளவு எடுப்பீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், தலைக்குப் பூ உங்களுடையதா எங்களுடையதா, தோழிக்கும் சேர்த்துச் செய்வீர்களா. மகளின் முகத்தில் வைக்கப் போகிற பிரஷ் கடைசியாக எப்போது கழுவியது என்று இந்த எட்டு வருசத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

தொழில் தொடங்கின புதிதில், ஒரு ஆவணி மாதம், முதல் நாள் கிளிநொச்சியில் கலியாணம், அடுத்த நாள் விடிய முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சாமத்தியவீடு. இரவு வீடு வந்த களைப்பில் பிரஷ்களை ரிசுவால் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் தாய் போன் எடுத்தார். இரண்டு கண்ணும் சிவந்து, பீளை ஒட்டி, காலையில் இமை திறக்க முடியவில்லையாம். என் பிரஷ்ஷால்தான் என்று அவர் சொல்லவில்லை, வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் முந்தின நாள் வேறொரு பெண்ணின் இமையில் ஓடிய அதே பிரஷ்தான் அந்தப் பிள்ளையின் இமையிலும் ஓடியது. அது எனக்குத் தெரியும்.

பவுண்டேசனில் இருக்கிற எண்ணெய், முகத்து வியர்வை, உதிர்ந்த தோல், எங்கள் ஊர்ச் சோளகக் காற்று கொண்டுவருகிற செம்புழுதி எல்லாம் பிரஷ்ஷின் முடிக்குள்தான் போய் இருக்கின்றன. பக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்பொஞ்ச் இன்னும் மோசம், உள்ளே ஈரம் காயவே காயாது. பிரிட்டனில் அஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாவித்த மேக்கப் சாமான்களைச் சோதித்து 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 93 வீதமான ஸ்பொஞ்சுகள் ஒருநாளும் கழுவப்படாதவை.

கழுவுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வன்னித் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பிசுபிசுவென்று ஒரு படைதான் முடியில் நிற்கும். அதனால் நான் பேபி ஷாம்புதான் பாவிக்கிறேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் முடியைக் கீழ்நோக்கிப் பிடித்து, உள்ளங்கையில் சுழற்றி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீர், மாரியில் மழைத்தண்ணீர். அழியாத பவுண்டேசன் இறுகியிருந்தால் முதலில் துளித் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டு, அப்புறம் ஷாம்பு இரண்டு தரம். ஊற வைக்காதீர்கள், கொதிதண்ணீரும் வேண்டாம். முடியைப் பிடித்திருக்கிற தகட்டுக்குள் தண்ணீர் போனால் பசை இளகி முடி கொட்டும். நிமிர்த்திப் போத்தலில் வைத்துக் காயவிடுவதும் அதே பிழைதான். துவாயில் ஒற்றி, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வைத்து, நிழலில் விடுங்கள். மாரியில் ஒரு இரவு போதாது, ஃபான் காற்று வேண்டும். ஈரத்தோடு பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வீட்டில் தனக்கு மட்டும் பாவிக்கிறவர்கள் 7 முதல் 10 நாளுக்கு ஒருதடவை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம். எங்கள் தொழிலில் அது கணக்கே இல்லை, ஆளுக்கு ஆள் கழுவிய பிரஷ் வேண்டும். ஒரே காலையில் இரண்டு பொம்பிளை என்றால் இரண்டு செட். அவசரத்துக்குப் பாமசியில் விற்கிற 70 வீத அல்ககோல் தெளிக்கலாம். அழுக்குப் படிந்த முடியில் அது ஒழுங்காக வேலை செய்யாது, கழுவியதற்குப் பதிலாகவும் ஆகாது. மஸ்காராக் குச்சியை இரண்டு பேருக்குப் போடவே கூடாது.

தொழில் செய்கிற தங்கச்சிமாருக்கு ஒன்று. கூலியைக் குறைத்துப் பிடிக்கிற போட்டியில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கழுவுகிற நேரம்தான். இரண்டாவது செட் வாங்கும் காசையும், இரவு ஒரு மணித்தியால வேலையையும் விலைக்குள் சேர்த்துச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள்.

அம்மாமாரே, பூவுக்கும் சாறிக்கும் கேட்கிறபோது இதையும் ஒருக்கால் கேளுங்கள். எனக்குக் கோபம் வராது, பையைத் திறந்து காட்டுவேன்.